இறங்கிப்போன அரைச் சுரம்

பல்கலைக்கழகத்தின் வெறுங்குரல் குழுவுக்கு இருபத்தைந்து வயது ஆகப்போகிறது. தபலா கிடையாது, ஆர்மோனியம் கிடையாது. பத்துப் பேரின் தொண்டைதான் மூலதனம். பாட்டு தொடங்குமுன் ஒருவர் உள்ளங்கையில் அடங்கும் சுருதிக் குழலை ஒருமுறை ஊதுவார், அதோடு சரி. பிறகு அவரவர் காது அவரவருக்குத் துணை.

வெள்ளிவிழா மலருக்குக் குழுவின் வரலாற்றை எழுதும் வேலை தேவசகாயத்தின் தலையில் விழுந்தது. விழுந்தது என்ன, அவனே கேட்டு வாங்கிக்கொண்டதுதான். முதல் ஆண்டிலிருந்தே உச்சக் குரலில் பாடியவன். இப்போது அங்கேயே கணிதம் நடத்துகிறான். நாற்பத்தைந்தைத் தாண்டியும், குழுவை உண்டாக்கிய ஹெலன் மேடத்தின் முன்னால் நின்றால் கை தானாகக் கட்டிக்கொள்ளும்.

எழுதியதை மேடம் நிதானமாகப் படித்தார். மூன்றாம் பக்கத்தில் விரல் நின்றுவிட்டது. 'முதல் போட்டியில், சுருதியில் நிற்காத உறுப்பினர் ஒருவரால் பரிசு கைநழுவியது. அவர் பின்னர் விலகிக்கொண்டார்' என்று அங்கே இருந்தது.

"பேர் இல்லையே" என்றார்.

எதற்கு மேடம், அந்த ஆளுக்கும் சங்கடம் என்று தேவசகாயம் இழுத்தான்.

பேர் மறந்துபோகவில்லை. பொன்னையா. அடிக்குரல் பாடியவன். விலகிக்கொண்டானாம்! பிடித்து வெளியே அனுப்பினார்கள். அன்று பாட்டு முடிந்ததும் நடுவர் தன் குழலை ஊதிப் பார்த்தார். குழு மொத்தமும் அரைச் சுரம் கீழே போயிருந்தது. வாத்தியமில்லாமல் பாடுகிறவர்களுக்கு வருகிற நோய் அது. ஒருவன் இறங்கினால் மற்றவர்களும் தெரியாமலே கூடவே இறங்கிவிடுவார்கள். முதலில் இறங்கியது யார் என்று மறுநாள் பேச்சு வந்தபோது, தேவசகாயம் முந்திக்கொண்டு பொன்னையாவைக் கைகாட்டினான். பொன்னையா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. குழுவின் நீலச் சட்டையைத் துவைத்து, மடித்து, கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான்.

மேடம் இழுப்பறையைத் திறந்து பழைய குழலை எடுத்தார். அந்தப் போட்டிப் பாட்டின் முதல் இரண்டு அடிகளைப் பாடச் சொன்னார். ஒருமுறை ஊதினார்.

தேவசகாயம் பாடினான். குரல் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. இரண்டாம் அடியில் மேலே ஏறி, மூச்சை இழுத்துப் பிடித்து, தொடங்கிய சுரத்துக்கே திரும்பி வந்து நின்றான். திரும்பிவிட்டதாகத்தான் நினைத்தான்.

மேடம் மறுபடி ஊதினார்.

அரைச் சுரம் கீழே.

தேவசகாயத்துக்குக் காது இரண்டும் சுட்டன. பார்வை தரைக்குப் போயிற்று.

"அன்னைக்கும் இதே இடம்தான்" என்றார் மேடம்.

அது அவனுக்கும் தெரியும். அன்றே தெரியும். தெரிந்துதான் கையை நீட்டினான். இத்தனை வருஷம் கழித்து அதையே அச்சிலும் ஏற்றத் துணிந்திருக்கிறான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"உங்களுக்குத் தெரியுமா மேடம்?"

"எதிர்ல நின்னு கை அசைச்சவ நான். தெரியாம இருக்குமா?"

"அப்ப ஏன் சொல்லல?"

மேடம் குழலைப் புடவைத் தலைப்பால் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"உச்சக் குரலுக்கு வேற ஆள் இல்ல."

பிறகு மேசையிலிருந்த ஒரு கடிதத்தை அவன் பக்கம் நகர்த்தினார். பொன்னையா எழுதியது. விழாவுக்கு வருகிறானாம். அந்தக் காலத்தில் நானும் பாடினேன் என்றால் மகள் நம்பாமல் சிரிக்கிறாளாம். மலரில் பேர் இருக்குமே, காட்டலாம், ஒரு பிரதி எடுத்துவையுங்கள் என்று கேட்டிருந்தான். குற்றம் சொல்லி ஒரு வரி இல்லை.

தேவசகாயம் அதை இரண்டு முறை படித்தான். பேனாவை எடுத்தான்.

"அந்த ரெண்டு வரிய அடிச்சிடறேன் மேடம். அவன் பேரைப் பாடினவங்க வரிசையில சேர்த்துடறேன்."

"சேர்த்துடு. அன்னைக்கு நடந்தத எழுத வேண்டாமா?"

அவன் பேனா நுனியின் மை காகிதத்தில் ஒரு நீலப் புள்ளியாக ஊறியது.

"எழுதறேன்" என்றான் கடைசியில். "எந்த இடத்துல எழுதட்டும்? அதே மூணாம் பக்கத்துலயா?"

மேடம் குழலை அவன் உள்ளங்கையில் வைத்தார்.

"இத நாம எப்ப ஊதுவோம்?"

"பாட்டு தொடங்குறதுக்கு முன்னால."

"அப்ப முதல் வரியா எழுது. உன் பேருக்குப் பக்கத்துல என் பேரையும் போடு."