சாயம் போகாத திரைச்சீலை

திரைச்சீலையைப் புகழ்வோர் துணியெடுத்தவரைச் சொல்வார்கள், தைத்தவரைச் சொல்வார்கள், துவைப்பவளைச் சொல்வதில்லை. சாயம் போனால் மட்டும் அவள் பெயர் நினைவுக்கு வரும்.

பங்களாவின் சிவப்புத் திரைச்சீலை முதல் சலவையிலேயே வெளுத்தது. துணிக்கடை முதலாளி தணிகாசலத்தை வீட்டுக்காரம்மாள் வரவழைத்தாள்.

"எங்க துணியில சாயம் போகவே போகாதும்மா. துவைச்சவ கைதான் சரியில்லை."

"போன சாயத்தைக் கொண்டுவா, இல்லையென்றால் வேலையை விட்டுப் போ," என்று வேலைக்காரி செங்கமலத்திடம் அம்மாள் சீறினாள்.

செங்கமலம் திரைச்சீலை தைத்தது போக மிச்சமிருந்த புதுத்துணியை நனைத்து எடுத்துவந்தாள். "ஐயா, உங்க வெள்ளை வேட்டிமேல ஒரு நிமிஷம் விரிக்கட்டுமா?"

முதலாளி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

"போகாத சாயத்துக்கு ஏங்கய்யா இந்த ஓட்டம்?"

துணி கடைக்கே திரும்பியது. செங்கமலம் வேலையில் நீடித்தாள். அவ்வீட்டின் மெத்தையுறையையும் திரைச்சீலையையும் நனைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுப்பவள் இன்று அவளே.