பச்சைத் தாளின் கீழே

"அம்மா, என் மகன் என்னை வெறுக்கிறான். போன் எடுத்தாலே கத்துறான். இனி நான் அவனுக்கு எதுக்கு?"

கேட்டவர் வேதமுத்து. அறுபத்து மூன்று வயது, ஓய்வுபெற்ற ஓவிய வாத்தியார். மகனோடு சண்டை போட்டுக்கொண்டு இந்த மலை ஆசிரமத்துக்கு வந்து நாலு மாதம் ஆகிறது.

ஆசிரமத்தின் குரு குழலி. அவரைவிட இருபது வயது இளையவள்.

அவள் தோட்டத்துப் பக்கம் கையைக் காட்டினாள்.

"நாத்தங்காலப் பாத்தீங்களா ஐயா?"

பார்க்கவே பாவமாக இருந்தது. அடிவாரத்து ஊருக்குக் கொடுக்க வேண்டிய கத்தரி நாற்றுகள். வெளிறி, நூலாக நீண்டு, சாய்ந்து கிடந்தன.

மேலே பந்தல் முழுக்கப் பச்சைக் கண்ணாடித் தாள்.

"நான்தாம்மா கட்டினேன். இலைக்குப் பிடிச்ச வெளிச்சமாச்சே."

"யார் சொன்னா?"

"உடம்பு பூரா அதையேதானே போட்டிருக்கு!"

நிறத்தைப் பற்றி வாத்தியாரிடம் யாரும் வாய் திறக்க முடியாது. குழலியும் திறக்கவில்லை. ஒரு துண்டு கரும்பை வெட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

அவர் கவலையோடு மென்றார். கவலையோடு துப்பினார்.

மதியம் அவர் தட்டில் சோறு இல்லை. கரும்புச் சக்கை குவிந்திருந்தது.

"என்னம்மா இது!"

"காலையில உங்களச் சுத்தி இதுதான் கெடந்துச்சு. உங்களுக்குப் பிடிக்கும் போலன்னு நெனச்சேன்."

"துப்பினதும்மா அது! சாறு உள்ள போயிருச்சே."

"உள்ள போனது என் கண்ணுக்குத் தெரியலையே ஐயா."

வேதமுத்து தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ... அந்தப் பச்சை?"

"இலையில இருக்கிற பச்சையம் செவப்பையும் நீலத்தையும்தான் ஆசையாத் தின்னும். பச்சையில கொஞ்சத்தை வேணாம்னு வெளியே தள்ளிரும். நாம பாக்குறது அதைத்தான். உங்க தாளு அந்தப் பச்சையை மட்டும்தான் உள்ள விடுது."

அவர் பசியோடு எழுந்தார். நேரே போய்ப் பந்தலில் இருந்த தாளைக் கிழித்தார். ஒரு துணுக்குகூட மிச்சம் வைக்கவில்லை. வெள்ளை வெயில் நாற்றுகள் மேல் விழுந்தது.

சில நாற்றுகள் பிழைக்கவில்லை. மற்றவை இரண்டு வாரத்தில் தடித்த புது இலை விட்டன. ஊரார் வந்து கூடை கூடையாக எடுத்துப் போனார்கள்.

மறுநாள் காலை வேதமுத்து பையை மாட்டிக்கொண்டு நின்றார்.

"எங்க ஐயா?"

"மகன் வீட்டுக்கு."

"கத்துவாரே?"

வேதமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த நாளிலிருந்து அவர் சிரித்து அவள் பார்த்ததில்லை.

"கத்தட்டும்மா. அது அவன் உள்ள வச்சுக்காதது."