கொட்டின பை

"தாயி, எனக்கு ஒரு தண்டனை குடுங்க"ன்னு குரு முன்னால வந்து நின்னாரு சங்கிலிமுத்து.

முப்பது வருஷம் போலீசுல ஏட்டா இருந்துட்டு, ரிடையர் ஆகி மடத்துல சீடரா சேர்ந்தவரு. வயசு அறுபத்தி மூணு. குரு நீலாம்பாளுக்கு நாப்பதுகூட ஆகல. சேர்ந்த அன்னிக்கே மடத்துப் பூனைகிட்ட "பேரென்ன, ஊரென்ன"ன்னு விசாரிச்சாரு மனுஷன். அது தனிக்கதை, விடுங்க.

நடந்தது இதுதான். மடத்து வெள்ளி விளக்கைக் காணோம். ஏட்டுப் புத்தி சும்மா இருக்குமா? மத்தியானப் பந்தியில, அத்தனை பேரு முன்னால, சமையக்காரி செல்லக்கிளியோட பையைப் பிடுங்கித் தரையில கொட்டிட்டாரு. சீப்பு, மாத்திரை, கிழிஞ்ச ஜாக்கெட்டு. விளக்கு இல்ல.

அது அரிசிப் பானைக்குள்ள இருந்துச்சு. பத்திரமா இருக்கட்டும்னு ஒளிச்சு வச்சு, மறந்தது யாரு? அவரேதான்!

செல்லக்கிளி அதோட வேலைக்கு வரல.

"மூணு நாள் பட்டினி கெடக்குறேன், தாயி."

"நீங்க பட்டினி கெடந்தா அவளுக்கு வயிறு நெறையுமா?"

"அப்ப மௌன விரதம் இருக்கேன்."

"அவகிட்ட பேச வேண்டியதை யாரு பேசுறது?"

"நான் என்னதான் செய்யட்டும்?"

"அதை ஏன் எங்கிட்ட கேக்குறீங்க?"

அவருக்கு வேர்த்துச்சு. கத்தி வச்சிருக்கிற திருடன் வீட்டுக்குக்கூட அவ்வளவு பயந்து போனதில்ல. செல்லக்கிளி வாசல்ல போயி நின்னாரு.

"தப்புப் பண்ணிட்டேன் தாயி. என்ன செஞ்சா உன் மனசு ஆறும்?"

அவ வெளிய வந்து ஏற இறங்கப் பார்த்தா.

"உங்க பையை அதே பந்தியில கொட்டுங்க, ஏட்டய்யா. நான் நின்னு பார்க்கணும்."

மறுநாள் கொட்டினாரு. பழைய விசிலு விழுந்துச்சு. பல்செட்டு டப்பா உருண்டு ஓடுச்சு. அப்புறம், டாக்டரு எண்ணெய்ப் பலகாரமே தொடக்கூடாதுன்னாருன்னு ஊரெல்லாம் சொன்னவரு பையிலேருந்து பதினோரு முறுக்கு!

பந்தியே உருண்டு உருண்டு சிரிச்சுச்சு. செல்லக்கிளியும்தான்.

அவரு குனிஞ்சு ஒவ்வொண்ணா பொறுக்குனாரு. காதெல்லாம் சுட்டுச்சு. பொறுக்குன முறுக்கு கை நழுவி மறுபடி தரையில விழுந்துச்சு.

அதைப் பார்த்ததும் செல்லக்கிளி சிரிப்பு நின்னு போச்சு. ஒரு முறுக்கை எடுத்து அவரு பையில போட்டா.

"அன்னிக்கும் இப்படித்தான் எல்லாரும் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தீங்க. எனக்குன்னு ஒத்த ஆளு குனியல."



நீலாம்பாள் இலையை விட்டு எந்திரிச்சாங்க. மண்டி போட்டு, மூலையில கெடந்த பல்செட்டு டப்பாவை எடுத்துத் தொடைச்சாங்க.

"ஐயோ தாயி, நீங்க எதுக்கு!"

"அன்னிக்கு நானும் இந்தப் பந்தியிலதானே இருந்தேன்."