மூன்று மாடி

குருவுக்கு முப்பத்தெட்டு வயது. சீடருக்கு நாற்பத்தாறு. எந்த மடமும் இந்த முறைகேட்டை ஒத்துக்கொண்டிருக்காது. மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியின் இதயப் பிரிவு ஒத்துக்கொண்டது.

சீடர் சவரிமுத்து இருபது வருடம் காய்ச்சலுக்கும் இருமலுக்கும் மருந்து எழுதிய டாக்டர். இப்போதுதான் இதயம் படிக்க வந்திருக்கிறார். அன்று காலை ஒரு இசிஜி தாளோடு குருவின் அறைக்குள் ஏறக்குறைய ஓடிவந்தார்.

"மேடம், புத்தகத்துல மட்டுமே பார்த்தது. இன்னிக்குக் கையில கிடைச்சிருச்சு."

டாக்டர் அங்கயற்கண்ணி தாளை வாங்கினாள்.

"நிமிஷத்துக்கு நாற்பத்தொண்ணு. மேலறை சொல்றது கீழறைக்குப் போய்ச் சேர வரவர லேட்டாகுது. நாலாவது தடவை துடிப்பே விழல."

"யாரோடது?"

தாளுக்குச் சொந்தக்காரி அவர் பின்னாலேயே நின்றிருந்தாள். தங்கச்சிமடத்து மெர்சினா, பத்தொன்பது வயது. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தப் போகிறவள். மாலைக்குள் உடல்தகுதிச் சான்று அனுப்பாவிட்டால் இந்த வருடம் அவளுக்குக் கடல் இல்லை.

"நடுக்கடல்ல நின்னு போச்சுன்னா? நான் கையெழுத்துப் போட மாட்டேன்," என்றார் சவரிமுத்து. குரலில் பயம் இருந்தது. அபூர்வப் பூச்சியைப் பிடித்தவரின் பூரிப்பும் இருந்தது. பூரிப்பு கொஞ்சம் தூக்கல்.

"தினம் அஞ்சு மணி நேரம் நீந்துறேன் சார். ஒண்ணும் ஆனதில்ல," என்றாள் மெர்சினா.

"தாள் அப்படிச் சொல்லலையேம்மா." மிஷினைச் சரிபார்க்கக் காலையில் எடுத்த தன் தாளைச் சட்டைப் பையிலிருந்து உருவி மேசையில் விரித்தார். "இது என்னோடது. இதயம்னா இப்படி இருக்கணும்."

"அழகா இருக்கு சார்," என்றாள் குரு.

"அப்ப இவளோடதுக்கு என்ன அர்த்தம் மேடம்?"

அங்கயற்கண்ணி பெண்ணிடம் திரும்பினாள். "எப்பவாவது மயங்கியிருக்கியா? வீட்ல யாராவது சின்ன வயசுல திடீர்னு இறந்திருக்காங்களா?"

"இல்ல மேடம். தாத்தா எண்பதுலயும் வலை இழுக்குறாரு."

"சரி. ரெண்டு பேரும் மூணாவது மாடி வரைக்கும் ஏறி இறங்கி வாங்க. வேகமா."

சேர்ந்து ஒரு மாதமாக லிஃப்டைத் தவிர வேறு வழி அறியாத சவரிமுத்து, முதல் மாடி வரை மேலறை கீழறை பற்றி விளக்கிக்கொண்டே ஏறினார். இரண்டாவது மாடியில் நின்று, எச்சில் துப்பாதீர் என்ற அறிவிப்பை மிகுந்த கவனத்துடன் வாசிக்கத் தொடங்கினார்.

மேலே போய்விட்டுத் திரும்பிய மெர்சினா கேட்டாள்: "ஏன் சார் நின்னுட்டீங்க?"

"படிக்கிறேன்."

"தாடையைப் பிடிச்சுக்கிட்டா?"

அவள் அவர் கையைத் தன் தோளில் போட்டு இறக்கிக் கூட்டிவந்தாள்.

அங்கயற்கண்ணி இருவருக்கும் மறுபடி இசிஜி எடுத்தாள். மெர்சினாவின் தாளில் ஒரு துடிப்பும் தவறவில்லை; எல்லாம் அணிவகுப்பு மாதிரி வரிசையாக நின்றன. தினமும் நீந்திப் பழகிய இதயம் ஓய்வில் மட்டும்தான் சோம்பியிருந்தது. சவரிமுத்துவின் தாளில் துடிப்புக்குத் துடிப்பு கோடு கீழே தொய்ந்திருந்தது. இதயத்துக்கு ரத்தம் போதவில்லை, தாடை வலித்ததும் அதனால்தான் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

குரு சான்றில் கையெழுத்திட்டு மெர்சினாவிடம் கொடுத்தாள். சீடரின் உள்ளங்கையில் ஒரு மாத்திரையை வைத்து, மென்று விழுங்கச் சொன்னாள். சக்கர நாற்காலி வந்தது.

அதில் உட்கார்ந்தபடி சவரிமுத்து கேட்டார்: "காலையில எடுத்தது அவ்வளவு சுத்தமா இருந்ததே மேடம். பொய்யா சொல்லுச்சு?"

"பொய் இல்ல சார். படுத்திருக்கிறவரைப் பத்திக் கேட்டீங்க, சொல்லுச்சு. மாடி ஏறுறவரைப் பத்தி நீங்க கேட்கவே இல்லையே."