புடலங்காய் தொங்கின பட்டாளத்து லாரி

காலை ஆட்டாதடீ, கொசுவலை அவுந்துக்கும். ஒரு ஊர்ல ஒரு லாரி இருந்துச்சாம். ராஜா இல்லையான்னு கேக்காதே. எத்தனை நாளைக்குத்தான் ராஜாவையே கட்டிக்கிட்டு அழறது? லாரிதான். பட்டாளத்து லாரி. பச்சைக் கலரு, யானை மாதிரி மூஞ்சி. "ம்" சொல்லு, சொன்னாத்தான் கதை நகரும்.

ம்.

அதை ஏலத்துல எடுத்து ஓட்டினவரு பட்டாளத்துல டிரைவரா இருந்தவரு. அவரு போய்ச் சேர்ந்துட்டாரு. அப்புறம் அந்த லாரி ஊருக்கு மேல மேட்டுல நின்னது நின்னபடியே நின்னுச்சு. என்ஜினும் போச்சு, பிரேக்கும் போச்சு. ஆனா அவரு பொண்டாட்டி வெள்ளத்தாயி தினம் ஏறிப்போய்த் துடைச்சு வெப்பா. ஏன் தெரியுமா? ஆஸ்பத்திரி தூரமா இருந்த காலத்துல, வலி எடுத்த பொம்பளைங்களை அள்ளிப் போட்டுக்கிட்டு ஓடினது அந்த லாரிதான். ஊர்ல பாதிப் பேரு ஆஸ்பத்திரி வரைக்கும் பொறுக்காம அதுக்குள்ளயே பொறந்துட்டாங்க.

அப்புறம் ஒருநாள் மேட்டுல ரோடு போட வந்தாங்க. "பொழுது சாயறதுக்குள்ள இது கீழ இறங்கணும். இல்லேன்னா வெட்டி எடுத்துருவோம்"னுட்டாங்க. பழைய இரும்புக்காரன் வெட்டுற மிஷினோட வந்து உக்காந்துட்டான். வெள்ளத்தாயி ஊருக்குள்ள ஓடி உதவிக்கு ஆள் கூப்பிட்டா. கீழ அவ வீட்டு வேப்பமரத்தடிக்கு வந்துட்டா போதும், லாரி பொழைச்சுக்கும்.

அப்போ வந்தான் வீரபுத்திரன். அந்த ஊர்ல தேர் உண்டு. தேர் இழுக்கறதுல முதல் ஆளு அவன்தான். அவனும் லாரியில பொறந்தவன்தான். "தேரையே இழுத்த கை, இந்தத் தகரடப்பாவை இழுக்காதா அத்தை?"ன்னு மீசையை முறுக்கினான். வாய்க்குப் பஞ்சமே இல்ல.

முதல்ல கிணத்துக் கயித்தை எடுத்து, செங்கச்சூளை டிராக்டர்ல கட்டி இழுத்தான். டர்ர்ர்ர்ர்... டப்! கயிறு அறுந்து சாட்டை மாதிரி சுழண்டு வந்து அவன் தலைப்பாகையைத் தட்டிக்கிட்டுப் போச்சு. கொஞ்சம் கீழ வந்திருந்தா தலையே போயிருக்கும். இழுக்கற கயித்துப் பக்கத்துல நிக்கவே கூடாதுடீ.

ம்.

அப்புறம் சங்கிலியைக் கொண்டுவந்து பம்பர்ல கட்டினான். "அதுல கட்டாதடா"ன்னு வெள்ளத்தாயி கத்தக் கத்த, படார்! பம்பர் பேந்துக்கிட்டு டிங் டிங் டிங்னு டிராக்டர் பின்னாடியே போச்சு. இவன் திரும்பிப் பாக்காம "வருது, வருது!"ன்னு தெருக்கோடி வரைக்கும் ஓட்டிட்டான்.

மூணாவதா, அம்மன்கிட்ட உத்தரவு கேட்டு, மாலை போட்டுத் தேர்வடத்தையே தூக்கிட்டு வந்தாங்க. லாரியோட கொக்கியிலதான் கட்டினாங்க. ஊரே கூடிப் பிடிச்சுது. ஆனா தேருக்கு வடம் மட்டும் போதுமா? சக்கரத்துக்குக் கட்டை போட்டு நிறுத்த ஆளு வேணாமா? அந்த ஆளு சந்தனம். "இழுத்தவனுக்கு மாலை, நிறுத்தினவனுக்கு மோர்கூட இல்ல"ன்னு போன தேர்த் திருவிழாவுலேயே கோவிச்சுக்கிட்டு, சரிவுல இருக்கற தன் வீட்டுப் புடலங்காப் பந்தல்ல உக்காந்திருந்தான். "அவன் எதுக்கு? நாம இழுக்கத்தானே போறோம்"னான் வீரபுத்திரன்.

ஏலேலோ... ஏலேலோ... லாரி அசைஞ்சுச்சு. ஒரே குலவை! அப்புறம் சரிவு வந்துச்சு. கடகட, கடகடகட! இப்போ யாரு யாரை இழுக்கறா? வடத்தைப் போட்டுட்டு எல்லாரும் ஓடறாங்க, லாரி தொரத்துது. வீரபுத்திரன் முள்ளுவேலியில மாட்டிக்கிட்டான். சந்தனம் பாத்தான். கோவத்தைப் பந்தல்லயே விட்டுட்டுக் கட்டையைத் தூக்கிட்டு ஓடினான். டொக்! க்ரீச்ச்ச்...

நின்னுடுச்சு. லாரி மூக்கு வீரபுத்திரன் வேட்டியை மோந்து பாத்துக்கிட்டு நிக்குது.

"கயித்துக்கு வான்னு சொல்லத்தான் தெரியும். நில்லுன்னு சொல்லத் தெரியாது"ன்னான் சந்தனம்.

வெள்ளத்தாயி அவனைப் பாக்கவே இல்ல. பந்தலைப் பாத்தா. "ஏண்டா, புடலங்கா தொங்குதே, அது என்ன இரும்பு?"

சந்தனம் தலையைச் சொறிஞ்சான். "அண்ணன் லாரி அடியில சும்மா கிடந்துச்சுக்கா. கொடிக்கு ஆச்சேன்னு..."

"அடப்பாவி! லாரியை இழுக்கற கம்பியே அதாண்டா!"

ரெண்டு காலு, ஒரு தலை. காலு ரெண்டும் லாரிக் கொக்கியில மாட்டும், தலை டிராக்டர்ல மாட்டும். முன்னாடி போறது நின்னா, பின்னாடி வர்றதும் நின்னுதான் ஆகணும். முட்ட முடியாது.

பொழுது பனைமரத்து உயரத்துக்கு இறங்கிடுச்சு. புடலங்கா பறிக்கக்கூட நேரமில்ல, கொடியோட பேத்துட்டு வந்தாங்க. வெள்ளத்தாயி சேலையை இழுத்துச் சொருகிக்கிட்டு அடியில படுத்து, சக்கரத்துக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல சுத்தற தண்டைக் கழட்டினா. கழட்டாம இழுத்தா கியர்பாக்ஸ் அரைஞ்சு போகும்னு அவ புருஷன் சொல்லியிருக்காரு. கொக்கி, ஆணி எல்லாத்தையும் ஆட்டி ஆட்டிப் பாத்தா. வீரபுத்திரன் டிராக்டர்ல ஏறி உக்காந்த அப்புறம்தான் கட்டையை எடுக்கச் சொன்னா.

"மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி போகணும் வீரபுத்திரா. வேகம் எடுத்தே, காதைத் திருகிடுவேன்."

நற... நற... நற... குலவை இல்ல, கூச்சல் இல்ல. சக்கரத்தோரமா கட்டையோட சந்தனம். முன்னாடி புடலங்கா பாம்பு மாதிரி ஆடிக்கிட்டே வருது. பாத்த குழந்தைங்க எல்லாம் அலறிக்கிட்டு ஓடுச்சுங்க!

ம்...

வேப்பமரத்தடியில வந்து நின்னுச்சு. டொக்குனு சந்தனம் கட்டை போட்டான். பழைய இரும்புக்காரன் மிஷினைச் சுருட்டிக்கிட்டான். வெள்ளத்தாயி லாரி மூஞ்சியைக் கட்டிக்கிட்டு, "வீட்டுக்கு வந்துட்டியா"ன்னு ஓன்னு அழுதா.

அப்புறம் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, வடத்துல போட்டிருந்த மாலையை எடுத்தா. வீரபுத்திரன் பழக்கதோஷத்துல கழுத்தை நீட்டிட்டான். அப்புறம் என்ன தோணுச்சோ, நீட்டின கழுத்தைத் தானே பின்னுக்கு இழுத்துக்கிட்டான்.

"சந்தனத்துக்குப் போடுங்க அத்தை. அவன் மட்டும் நிறுத்தலேன்னா, எனக்கு இன்னிக்கு வேற மாலை விழுந்திருக்கும்"னான்.

சந்தனம் மாலையோட நின்னு தேம்பினான். அன்னிக்கு ஊருக்கே புடலங்காக் கூட்டு, இரும்புக்காரனுக்கும் ஒரு கரண்டி.

ம் சொல்லக் காணோமே? சரி. லாரிக்கும் கட்டை போட்டாச்சு, கதைக்கும் கட்டை போட்டாச்சு. தூங்கு.