போட்டோவுக்குக் கொஞ்சம் குப்பை

எங்கள் ஊர்ப் பெரிய பூங்காவில் ஞாயிறுதோறும் இதே கூத்துதான். ஊழியர்கள் விடியற்காலையில் கூட்டி அள்ளிய சருகைத் தன்னார்வலர் சங்கத் தலைவர் தணிகாசலம் திரும்பக் கொட்டச் சொல்வார். சங்கத்தார் கூட்டுவதுபோல் போட்டோ எடுக்க வேண்டுமாம்!

அன்று கமிஷனர் வருவதாக இருந்தது. வண்டி வரக் கூடாத நடைபாதையில் வழக்கம்போல் காரை நிறுத்தி இறங்கிய தலைவர், துப்புரவுப் பணியாளர் செங்கமலத்தைக் கூப்பிட்டார்.

"பூங்காவுல ஒரு சருகு கிடக்கக் கூடாது. ஆனா நான் கூட்டுறதுக்குக் குப்பை இருக்கணும். இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

"ரெண்டும் எப்படிங்கய்யா முடியும்?"

"அது உன் பாடு."

செங்கமலம் தலையில் அடித்துக்கொண்டாள். தன்னார்வலர்களுக்கும் அலுத்துப்போயிருந்தது. அவள் யோசனையைச் சொன்னதும் ஆளுக்கொரு கூடையைத் தூக்கினார்கள்.

கமிஷனர் வந்தபோது தரை பளிச்சென்று இருந்தது. துடைப்பமும் கையுமாக நின்ற தலைவர், "குப்பை எங்கே?" என்று பல்லைக் கடித்தார்.

செங்கமலம் நடைபாதையைக் காட்டினாள். கார் முழுக்கச் சருகுக்குள் புதைந்து கிடந்தது.

"தரையில ஒண்ணுகூட இல்லீங்கய்யா. எல்லாம் கார் மேலதான் இருக்கு."

கமிஷனர் முகம் சிவந்தது. "நடைபாதையில காரா? யாரோடது?"

தலைவர் துடைப்பத்தோடு மெல்லப் பின்வாங்கினார். போட்டோக்காரர் கேமராவைத் தூக்கினார்.

"மொதல்ல நம்பர் பிளேட்டுப் பக்கமா கூட்டுங்கய்யா," என்றாள் செங்கமலம்.