விளிம்பு தெரியாத ஃபிலிம்

கரூர் பக்கம் கல் குவாரி நடத்தும் சென்னியப்பன் புதுக் கார் வாங்கினார். பெயின்டைக் காக்க செராமிக் கோட்டிங் பூசுவதா, மேலே கண்ணாடி போன்ற ஃபிலிம் ஒட்டுவதா என்று டிரைவர் பொன்னுரங்கத்தைக் கேட்டார்.

"கோட்டிங் பளபளப்புக்கு நல்லதுங்கய்யா. ஆனா நம்ம குவாரி ரோட்டுல ஜல்லி தெறிக்கும். அதைத் தாங்க ஃபிலிம்தான் வேணும்."

அப்படியே ஒரு கார் அலங்காரக் கடையில் வண்டியை விட்டு, ஃபிலிமுக்குச் சொல்லிப் பணமும் கட்டினார்கள். வண்டி எடுக்கப் போன அன்று பொன்னுரங்கம் பானெட் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். ஃபிலிமின் விளிம்பு எங்குமே தட்டுப்படவில்லை.

"ஐயா, இது வெறும் கோட்டிங்குங்க."

கடை மேனேஜர் திவாகர் சிரித்தார். "ஸ்டீயரிங் பிடிக்கிறவனுக்கு இதெல்லாம் எங்கே புரியும்? இது வெளிநாட்டு ஃபிலிம், விளிம்பே தெரியாது. சார், வண்டியில கை வைக்காம இவன் நிரூபிக்கட்டும். இல்லேன்னா வேலையை விட்டு அனுப்புங்க."

சென்னியப்பன் டிரைவரைப் பார்த்தார்.

பொன்னுரங்கம் பணிவாகக் கேட்டார். "ஒரு சந்தேகங்க சார். இந்த ஃபிலிம் பழசானா உரிச்சு எடுக்க முடியுங்களா?"

"பத்தே நிமிஷம். பெயின்டுக்கு ஒண்ணும் ஆகாது."

"அப்ப நான் கை வைக்கலீங்க. நீங்களே ஒரு மூலையில கொஞ்சம் உரிச்சுக் காட்டுங்க. திரும்ப ஒட்டுற செலவு என்னுதுங்க."

திவாகர் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். ஓரிடத்தில் நகத்தால் சுரண்டினார். உரிக்க ஒன்றுமே இல்லை.

"ஃபிலிம் ஒட்டுற வேலை இப்பவே ஆரம்பிக்கணும்," என்றார் சென்னியப்பன். "முடியற வரைக்கும் பொன்னுரங்கம் பக்கத்துலயே உட்கார்ந்து பார்ப்பாரு."

நாற்காலியைத் திவாகரே தூக்கி வந்து போட்டார்.